லூப்பேம்மா கேட்ட கள்

கள் கேட்டால் கள்ளைத்தான் கொண்டுவருவார் என் வீட்டுக்காரர் சுயம்பு. கேட்டது யார், எதற்கு, மதுவிலக்கு வந்த பிறகு அந்தச் சொல்லை உரக்கச் சொன்னாலே போலீஸ்காரன் திரும்பிப் பார்க்கிறானே என்றெல்லாம் யோசிக்கிற மண்டையை ஆண்டவன் அந்த மனுஷனுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்ததெல்லாம் தென்னை மரம் ஏறுகிற இரண்டு கால்களும், நல்லபடியாக நாலு வார்த்தை பேசினவர்களுக்கு உயிரை விடுகிற ஒரு மனசும்தான். இதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திப் பாருங்கள், தெரியும்.

எங்கள் ராயபுரத்தில் அப்போது வருஷா வருஷம் செப்டம்பர் மாதம் மெக்சிகோ திருவிழா நடக்கும். சிரிக்காதீர்கள், நிஜம்தான். துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே கூட்டிவருகிற வெள்ளைக்காரத் துரை ஒருவர், எந்தெந்தக் கடலிலோ சுற்றிவிட்டு மெக்சிகோவில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். குவாதலூப்பே என்று பெயர். யார் வாயில் நுழையும்? லூப்பேம்மா ஆக்கிவிட்டோம். தன் நாடு சுதந்திரம் கேட்டு எழுந்த நாளை அந்த அம்மா முதல் வருஷம் வீட்டு முற்றத்தில் கொண்டாடினாள். மறு வருஷம் தெருவே வந்து சாப்பிட்டுப் போனது. நான் சொல்கிற 1951இல் மாலுமிகள் மண்டபத்தையே எடுத்து, பட்டணத்துப் பெரிய மனுஷர்களுக்கெல்லாம் அட்டை அடித்துக் கொடுத்துவிட்டாள். ரயில்வே காலனி ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரப் பையன்கள் அவளிடம் பாட்டுக் கற்றுக்கொண்டு கிட்டாரும் டிரம்பட்டுமாக ஒரு மாதம் தெருவைத் தூங்கவிடவில்லை.

சமையல் நானும் பூவம்மாவும். பூவம்மா புளியந்தோப்புக்காரி, வாய் நிற்காது. மிளகாயும் கொக்கோவும் போட்டு அந்த அம்மா வைக்கிற கோழிக் குழம்புக்கு மோளே என்று பெயர். முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு பூவம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, இந்தப் பேரைச் சொல்லி எப்டிக்கா இலையில ஊத்துறது?"

என் வீட்டுக்காரர் தண்ணீர் சுமப்பார், விறகு பிளப்பார். அதற்கு முன்னால் அவர் மணலிப் பக்கம் தோப்புகளில் கள் இறக்கிக்கொண்டிருந்தவர். சட்டம் வந்த பிறகும் ஒரு மரத்தில் பானை கட்டி மாட்டிக்கொண்டார். ஜெயில். அவர் உள்ளே போகும்போது என் வயிற்றிலிருந்த பிள்ளை, வெளியே வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தாள். அப்பனைப் பார்த்து வீறிட்டு அழுதாள். இன்னொரு தடவை பிடிபட்டால் வருஷக் கணக்கில் உள்ளே தள்ளிவிடுவோம் என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்கள். ஜெயிலுக்குப் போய்வந்தவனுக்கு இந்த ஊரில் ஒருத்தரும் வேலை கொடுக்கவில்லை. லூப்பேம்மாதான் ஒரு கேள்வி கேட்காமல் கோடாரியைக் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து இந்த மனுஷனுக்கு அவள்தான் குலதெய்வம்.

அந்த அம்மாவுக்கு ரொட்டி சுட மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட வேண்டும். அப்போதுதான் தோல் கழன்று மாவு பசைபோல வரும். முந்தின வருஷங்களில் சுண்ணாம்பைத் தன் நாட்டு டின்னிலிருந்து அவளே எடுத்துப் போட்டுவிட்டாள், நாங்கள் பார்த்ததில்லை. இந்த வருஷம் டின் காலி. வெள்ளிக்கிழமை இங்கிலீஷில் 'லைம்' கேட்டாள். இவர் கொத்தவால் சாவடிவரை போய் ஒரு கூடை எலுமிச்சம்பழம் வாங்கிவந்து வைத்தார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில், நான் மீன் வாங்கக் காசிமேடு போயிருந்த நேரம், அவளுக்கு இங்கிலீஷும் சலித்துப்போய் தன் பாஷையிலேயே கேட்டுவிட்டாள்.

"கல்! கல்!"

இவர் ஒரு கருங்கல்லைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். இல்லை என்று தலையாட்டி, தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் விளக்கியிருக்கிறாள். "வெள்ளை. தண்ணி. பானை." வேறென்ன வேண்டும் இவருக்கு?

நான் திரும்பி வந்தபோது ஆள் இல்லை. "வாயெலைக்கு மாத்தூர் போய்கீறாரு" என்றாள் பூவம்மா, என் முகத்தைப் பார்க்காமல். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். லூப்பேம்மா என் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுவரைச் சுரண்டி, விரலில் ஒட்டின வெள்ளையைக் காட்டி, "கல்!" என்றாள். அட, சுண்ணாம்பு! இதற்கா இத்தனை கூத்து! கிளிஞ்சல் சூளையிலிருந்து ஒரு கூடை நிறைய வாங்கிவந்து கொட்டினேன். என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அன்று மாலையே சோளம் வெந்து ஊறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை அவர் வரவில்லை. மண்டபம் முழுக்கக் கத்தரித்த காகிதத் தோரணம். நான் மாவு ஆட்டிக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாழையிலைக்குப் போன மனுஷனுக்கு ஒரு ராத்திரி ஆகுமாளா? நிஜத்தைச் சொல்லு."

பூவம்மா அம்மிக் குழவியைக் கீழே வைத்தாள். "திட்டாதக்கா. தொரசாணி கள் கேட்டுச்சாம். உன்கிட்ட சொல்ல வேணான்னு சத்தியம் வாங்கிக்கினு எட்தாரப் போய்கீறாரு."

எனக்கு ஆட்டுக்கல் சுற்றினதா, தலை சுற்றினதா, தெரியவில்லை.

"அடப் பாவி மனுஷா" என்றேன். மாத்தூரிலிருந்து ராயபுரம்வரை கள்ளைத் தலையில் வைத்துக்கொண்டு, டோல்கேட் தாண்டி, பட்டப்பகலில்! வழியிலேயே பிடித்திருப்பார்களோ? பிடித்திருந்தால் எந்த ஸ்டேஷன்? போய்க் கேட்கலாமா? கேட்டால் நானே காட்டிக்கொடுத்தது மாதிரி ஆகாதா? என் மகள் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்து சோளத்தைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

போதாக்குறைக்கு, விழாவுக்குத் தலைமை விருந்தாளி யார் தெரியுமா? மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் வெள்ளத்துரை. துரை தன் வீட்டு பிராந்திக்கு அந்த ஆளிடம்தான் பர்மிட் வாங்குவார். அந்த மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

நாலு மணி சுமாருக்கு வெளியே டிரம்பட் முழங்கினது. அதே சமயம் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார் என் புருஷன். தலையில் கலயம், அதன் வாயில் வாழை இலை, முகத்தில் கல்யாண மாப்பிள்ளைச் சிரிப்பு.

"சீனி!" என்று என்னைக் கூப்பிட்டார். "பதநீருக்குச் சீவியிருந்த பாளையிலிருந்து நானே இறக்குனது. யார்கிட்டயும் வாங்கல. அம்மா வாய்விட்டுக் கேட்டுட்டாங்களே."

"உங்கள அந்த மரத்துலயே கட்டி வச்சிருக்கக் கூடாதா! அவங்க கேட்டது சுண்ணாம்புய்யா! அவங்க பாஷையில சுண்ணாம்புக்குக் கல்லுன்னு பேரு! வாசல்ல யாரு வந்து நிக்கா தெரியுமா? வெள்ளத்துரை!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. கலயத்தை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். போன தடவை அவர் கையில் விலங்கு போட்டதும் இதே வெள்ளத்துரைதான்.

"மறுபடியும் பின்னால எட்துகினு ஓடு மாமு" என்றாள் பூவம்மா. பின்வாசலில் எட்டிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டரோடு வந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் நிழலுக்காக அங்கேதான் வந்து நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டலாம் என்றால் அடுப்படியே நாறிவிடும். விருந்தாளிகளை முதலில் சமையல்கட்டுக்குக் கூட்டிவந்து ஒவ்வொரு பானையாகத் திறந்து காட்டி முகரவைப்பது வேறு லூப்பேம்மாவின் வழக்கம். முன்பக்கம் கைதட்டல் கேட்டது. வந்துகொண்டிருக்கிறார்கள்.

எனக்கு எப்படித்தான் தோன்றினதோ. "பூவம்மா, மஞ்சப் பொடி! பித்தளைத் தாம்பாளம்!" என்று கத்தினேன். மிச்சமிருந்த சுண்ணாம்பில் இரண்டு கை அள்ளிக் கலயத்தில் போட்டேன். மஞ்சளைக் கொட்டி அகப்பையால் கலக்கினேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும், ஆரத்தி கரைக்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரியும். ஆனால் சிவக்கவில்லை. மஞ்சளாகவே நுரைத்துக்கொண்டு நின்றது.

"இன்னாக்கா, செவக்க மாட்டேங்குது?"

கள்ளின் புளிப்பு சுண்ணாம்பைத் தின்றுவிட்டது. இன்னும் அள்ளிப் போட்டேன். இன்னும் மஞ்சள்தான். காலடிச் சத்தம் கூடத்துக்கு வந்துவிட்டது. கூடையோடு தூக்கிக் கவிழ்த்தேன், கை எரிந்தது, "ஆத்தா, என் தாலிக்கு நீதான் பொறுப்பு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அடியிலிருந்து ஒரு சிவப்புக் கோடு எழும்பி வந்தது. அடுத்த சுற்றில் கலயம் முழுக்கக் குங்குமமாகச் சிவந்தது.

தாம்பாளத்தில் ஊற்றி, கற்பூரத்தை வெற்றிலையில் வைத்துக் கொளுத்திக்கொண்டு நான் கூடத்து வாசலுக்குப் போனபோது வெள்ளத்துரை சமையல்கட்டுப் படியில் கால் வைத்துவிட்டார்.

"நில்லுங்கய்யா! பெரிய மனுஷங்க வந்திருக்கீங்க. ஆரத்தி எடுக்காம உள்ள விடலாமா?"

எந்த மனுஷன் ஆரத்தி வேண்டாம் என்பான்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். நான் சுற்றினேன். லூப்பேம்மாவுக்குக் கண் விரிந்துவிட்டது. அவர்கள் ஊரில் இல்லாத வழக்கம். தனக்கும் வேண்டும், துரைக்கும் வேண்டும் என்று கையைக் காட்டினாள். சுற்றச் சுற்ற வாசலில் கொட்டினேன். கொட்டக் கொட்டப் பூவம்மா கலயத்திலிருந்து ஊற்றினாள். கடைசியில் அவளே கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஊர் கண்ணு, உறவுக் கண்ணு, கொள்ளிக் கண்ணு, எல்லாம் பூடணும்!" என்று தெருவில் குறுக்காக ஊற்றிவிட்டு, கலயத்தையும் போட்டு உடைத்தாள்.

வெள்ளத்துரை மூக்கை உறிஞ்சினார். அவரும் எங்கள் தெற்கத்தி ஊர்க்காரர்தான்.

"ஏம்மா, ஆரத்தி புளிச்ச வாடை அடிக்கே?"

"சோளம் ஊறின வாடைங்கய்யா. இவங்க நாட்டுச் சமையலே அப்படித்தான்."

என்னைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னால் விறகோடு விறகாக நின்ற என் வீட்டுக்காரரையும் பார்த்தார். போய் உட்கார்ந்தார். முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

முடியவில்லை. சாப்பாடு ஆயிற்று, பாட்டு ஆயிற்று. அந்த மோளேயை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் இன்ஸ்பெக்டர். கடைசியில் லூப்பேம்மா மேடையேறி, உழைத்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவர் செய்ததைச் சொன்னாள். ஒவ்வொரு பேருக்கும் கூட்டம் "விவா!" என்று கத்தினது. 'நீடூழி வாழ்க' என்று அர்த்தமாம். நான் கொண்டுவந்து கொட்டின சுண்ணாம்பைச் சூளையில் வாங்கிக் கொடுத்தனுப்பினது என் புருஷன்தான் என்று அவளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் போல. அவரைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தாள். கண் கலங்க, நெஞ்சில் கை வைத்து, மண்டபமே அதிரச் சொன்னாள்:

"சுயம்பு! கல்! என் சுயம்பு, கல் கொண்டு வந்தான்!"

"விவா!" என்றது கூட்டம். பாதிப் பேர் சிரித்தார்கள். "கள்ளா? எங்கடா, எங்களுக்குக் காட்டல?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

வெள்ளத்துரை எழுந்தார். நேராக மேடைக்குப் போய் என் வீட்டுக்காரர் முன்னால் நின்றார்.

"கள் கொண்டாந்தியாலே?"

இந்த மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். வாயைத் திறந்தார். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன்.

"அய்யா, அவங்க பாஷையில சுண்ணாம்புக்குத்தான் அந்தப் பேரு! வேணும்னா கேட்டுப் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் லூப்பேம்மாவிடம் இங்கிலீஷில் கேட்டார். எல்லோர் முகமும் ஏன் இப்படி மாறிவிட்டது என்றே அவளுக்குப் புரியவில்லை. சமையல்கட்டுக்கு ஓடி, அடியில் சுண்ணாம்பு படிந்த சோளப் பானையைத் தூக்கிவந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கல்!" என்று சுண்ணாம்பு ஒட்டின விரலையும் காட்டினாள். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. துரை விழுந்து விழுந்து சிரித்தார். வெள்ளத்துரையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் தோளில் கை போட்டு, காதோடு குனிந்து சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"எனக்கு மூக்கு இருக்குலே. நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு ஒரு கலயம் கொண்டா. சுண்ணாம்பு போடாத கள்ளு. இனிமே வாரா வாரம். வரலைன்னா எங்க வரணும்னு எனக்குத் தெரியும்."

அதைக் கேட்டதும் எனக்குப் பயம் போய்விட்டது. ஆத்திரம்தான் வந்தது. பிடித்து ஜெயிலில் போட்டால்கூட ஒரு நியாயம். இது, கொண்டுபோனாலும் குற்றம், கொண்டுபோகாவிட்டாலும் குற்றம். கொண்டுபோகிற நாளெல்லாம் தூக்குக் கயிறு இன்ஸ்பெக்டர் கையில்.

காலையில் என் வீட்டுக்காரர் எழுந்து தளைக்கயிற்றை எடுத்தார். மரம் ஏறப் போகிறாராம்.

"வைங்க அதை" என்றேன். "ஸ்டேஷனுக்கு நான் போறேன்."

"ஏளா, நீ எதுக்கு? தப்பு செஞ்சது நான்."

"ஆமா, நீங்கதான். அதான் வாயை மூடிக்கிட்டு பிள்ளையப் பார்த்துக்கிட்டு இருங்க."

புதுக் கலயம் ஒன்றை எடுத்தேன். நிரப்பினேன். வாழை இலையால் வாயைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஸ்டேஷனில் திங்கட்கிழமைக் கூட்டம். மனு கொடுக்க வந்தவர்கள், ரைட்டர், கான்ஸ்டபிள்கள், கதர்ச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர். உள்ளே மேஜைக்குப் பின்னால் வெள்ளத்துரை. வாசல் நடையிலேயே நின்று, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

"இன்ஸ்பெக்டரய்யா! நீங்க நேத்து கேட்ட கள்ளு கொண்டாந்திருக்கேன்!"

ரைட்டரின் பேனா நின்றது. கதர்ச் சட்டைகள் இரண்டும் திரும்பின. வெள்ளத்துரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில் மைக்கூடு கவிழ்ந்தது.

"ஏய்! என்ன உளறுத? மெதுவாப் பேசு!"

"எதுக்குய்யா மெதுவா? வாரா வாரம் வேணும்னு சொன்னீங்கல்லா? என் வீட்டுக்காரர் காதுல நீங்க சொன்னது எனக்கும் கேட்டுது. இந்தா, கலயம் நிறையக் கள்ளு!"

கலயத்தைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். அந்த ஆளுக்கு வியர்த்துக் கொட்டியது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கதர்ச் சட்டை கிட்டே வந்து, "என்னய்யா இது?" என்று கேட்டு, தானே இலையைப் பிரித்தார்.

உள்ளே கெட்டியாக, வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.

"மெக்சிகோ பாஷையில இதுக்குப் பேரு அதாங்கய்யா" என்றேன். "நேத்து மண்டபத்துல ஊரே கேட்டுச்சு. அய்யாவுக்கு அந்தப் பாஷை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. சுவருக்கு அடிக்கக் கேட்டீங்க போல. இல்ல, வேற எதுவும் கேட்டீங்களாய்யா?"

ஒரு கணம் அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். பிறகு, "சுவருக்குத்தான்" என்றார். "வச்சுட்டுப் போ."

"வாரா வாரம் கொண்டாரணுமாய்யா?"

"வேண்டாம். போ."

வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் மரத்தடியில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் பிள்ளை. கக்கத்தில் ஒரு துணி மூட்டை.

"என்ன மூட்டை அது?"

"ஒரு வேட்டி, ஒரு துண்டு, சீனி. நீ சீக்கிரம் வெளிய வரலன்னா உள்ள போயி, எல்லாம் நான்தான், அவள விட்டுடுங்கன்னு சொல்லிடலாம்னு" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

நடுத்தெருவில் நின்று அழுதேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். மகளை எடுக்கலாம் என்று கையை நீட்டினேன். அவள் வரமாட்டேன் என்று அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். துணி மூட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தேன்.